தீவுத்திடலா, இருங்காட்டுக்கோட்டையா?

சென்னையில் கார் பந்தயம் நடத்த எது நல்ல இடம்? தடத்தில் வேலை செய்ய ஆள் பற்றாக்குறைதான் கவலை என்றால், நகருக்கு வெளியே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைதான். நிரந்தரத் தடம்; தடுப்பு, பிட் (பந்தயத்தின் நடுவே கார்களைக் கவனிக்கும் இடம்), மார்ஷல் (கொடி காட்டி எச்சரிக்கும் பாதுகாப்பு ஊழியர்) நிற்குமிடம் எல்லாம் தயார். எந்த வளைவில் எந்தக் கார் சறுக்கும் என்பது கொடி பிடிப்பவருக்கே அத்துப்படி.

தீவுத்திடலைச் சுற்றிய சாலைத் தடமோ 3.5 கி.மீ., 19 வளைவுகள். கான்கிரீட் தடுப்பு, வலை, விளக்கு எல்லாவற்றையும் புதிதாக வைக்க வேண்டும், போக்குவரத்தையும் திருப்பிவிட வேண்டும். அங்கே 2023 டிசம்பரில் நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பந்தயம் தொடங்கிய 2024 ஆகஸ்ட் 31 அன்று மழை, எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) சான்றிதழும் தாமதம். அப்புறம் தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்தது! வேலியோரம் இன்னும் நாலு பேர் நின்றிருக்கலாம். ஆனால் நேப்பியர் பாலத்தில் இரவு வெளிச்சத்தில் கார் பாய்வதைப் பார்க்க வரும் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்கு வராது.