நீச்சல் 'ஸ்பெஷல் பேட்ச்'சில் பணம் கட்டும் முன் குளத்தை அளந்து பாருங்கள்

தென்சென்னையில் ஒரு தனியார் நீச்சல் குளம். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம். ஆனால் இதே மாதிரி பேனர் உங்கள் ஏரியாவிலும் தொங்கும்: 'பெரியவர்களுக்கான ஸ்பெஷல் பேட்ச், மூன்றே மாதத்தில் நிற்காமல் 1 கிலோமீட்டர், வேகத்துக்கு கேரண்டி'. நாற்பதைத் தாண்டி நீச்சல் கற்றுக்கொண்டு, ஒரு லேப் போனதுமே மூச்சிரைக்கக் கம்பியைப் பிடித்து நிற்கிறோமே, நம்மைக் குறிவைத்துத்தான் அது. 18,000 ரூபாய், மொத்தமும் முதலிலேயே கட்ட வேண்டும்.

கோச் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து போன் பார்ப்பார், நடுநடுவே "வேகமா சார், இன்னும் வேகமா" என்பார். பயிற்சி அவ்வளவுதான். நம்மில் பலருக்கு மூச்சு வாங்குவது ஸ்டாமினா இல்லாமல் அல்ல. தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவோம், இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். தண்ணீருக்குள் மூச்சை விடாமல் அடக்கிவைத்து, முகம் வெளியே வந்த அந்த ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் சேர்த்துப் பார்ப்போம். இதைச் சரிசெய்யாமல் கையை மட்டும் வேகமாகச் சுற்றினால் இன்னும் சீக்கிரம் களைத்துப்போவோம், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். இதையெல்லாம் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் காசு வாங்காமல்.

வேகம் வரவில்லையே என்று கேட்டதற்கு ஹேண்ட் பேடில் வாங்கச் சொன்னார்கள், அதுவும் அவர்கள் கவுண்டரிலேயே, 1,200 ரூபாய். உள்ளங்கையைவிடப் பெரிய பிளாஸ்டிக் தட்டு. கை வீசும் முறையே இன்னும் படியாதவருக்கு அதை மாட்டிவிட்டால் இழுக்கிற பாரம் முழுக்கத் தோள்பட்டையில்தான் இறங்கும். சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியாமல் பிசியோதெரபிக்குப் போனேன், அந்தச் செலவு தனி.

கடைசியில் 40 லேப் முடித்ததற்கு '1000 மீட்டர்' என்று அச்சடித்து, லேமினேட் செய்த சர்டிபிகேட் கொடுத்தார்கள். அந்தத் தெம்பில் வேளச்சேரிக்குப் போனேன். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய குளம், நீளம் 50 மீட்டர். பாதி தாண்டியதுமே லேன் கயிற்றில் தொங்கினேன். அப்போதுதான் சந்தேகம் வந்து, ஒரு நண்பருடன் டேப் எடுத்துப்போய் இவர்கள் குளத்தை அளந்தோம். போர்டில் 25 மீட்டர், டேப்பில் 18.3. அதாவது என் 1 கிலோமீட்டர் வெறும் 732 மீட்டர். மேனேஜரிடம் கேட்டால், "திரும்புறதையும் சேர்த்துதான் சார் கணக்கு" என்கிறார்! சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று காட்டுகிறார்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். பேனரின் போட்டோ, ரசீது, டேப்போடு எடுத்த வீடியோ எல்லாம் வைத்திருக்கிறேன்.

சேர்வதாக இருந்தால் முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கொடுத்துப் பாருங்கள். கோச் உங்கள் தலையும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று கவனிக்கிறாரா, 25 மீட்டர் போய் 20 விநாடி ஓய்வு, மறுபடி 25 என்று பிரித்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே பேடிலை நீட்டினால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.