திடீரென அணையும் டெஸ்க்டாப்: சோதித்துப் பார்ப்பதா, மாற்றிப் பார்ப்பதா?

முன்னறிவிப்பே இல்லாமல் டெஸ்க்டாப் அணைந்துபோனால் காரணம் தேட ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விண்டோஸ் எழுதி வைத்த பதிவுகளைப் படிப்பது ஒன்று. வெப்பநிலையைக் கவனித்தபடி ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (வேண்டுமென்றே கடும் சுமை ஏற்றும் சோதனை) ஓட்டுவது இன்னொன்று. மல்டிமீட்டர் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியை) அளப்பது, அவசியமில்லாத பாகங்களைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது, சந்தேகமான பாகத்துக்குப் பதில் வேறொன்றை மாட்டிப் பார்ப்பது ஆகியவை மற்ற மூன்று. என் கட்சி எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் நான்கும் சந்தேகப் பட்டியலைச் சுருக்கத்தான் உதவும். உறுதியாக ‘இதுதான்’ என்று சொல்ல ஐந்தாவதற்கு இணை கிடையாது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதில் இறங்குவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

எப்படி அணைகிறது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கவனித்தாக வேண்டும். ‘ஷட்டிங் டவுன்’ என்று திரையில் காட்டிவிட்டு ஒழுங்காக அணைந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருள் அணைக்கச் சொல்லியிருக்கிறது. நீலத்திரை (விண்டோஸ் செயலிழக்கும்போது வரும் பிழைத் திரை) மின்னி மறைந்து மறுபடி துவங்கினால் டிரைவர், ரேம், சிபியு பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸில் ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்ற அமைப்பு வழக்கமாக இயக்கத்திலேயே இருப்பதால், நீலத்திரையைப் படிக்கக்கூட நேரம் இருக்காது. அதை நிறுத்தி வைத்தால் ‘தானாக அணைகிறது’ என்ற புகார்களில் சில ‘நீலத்திரை வருகிறது’ என்று மாறிவிடும். பிளக்கைப் பிடுங்கியது மாதிரி ஒரே நொடியில் எல்லாம் இருண்டு விசிறிகளும் நின்றால், மின்சாரமோ வெப்பமோதான் முதல் சந்தேகம்.

பலரும் விட்டுவிடுகிற தடயம் ஒன்று உண்டு. அணைந்த பிறகு பவர் பட்டனை அழுத்தினால் உடனே உயிர் வருகிறதா, இல்லை எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால்தான் வருகிறதா? இரண்டாவதாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிய சுமை, மிகை மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றைக் கண்டால் அது அப்படிச் செய்யும். உள்ளே வரும் மின்சாரத்தை நிறுத்தினால்தான் பூட்டு விலகும். அதற்காக எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு ஒரு பாகத்தில் இருக்கும் ஷார்ட்டை அது சரியாகக் கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம்.

துவங்கி நான்கைந்து நொடியில் அணைந்தால் கேபினட்டின் பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனை நான்கு நொடி தொடர்ந்து அழுத்தினால் மதர்போர்டு கம்ப்யூட்டரை அணைத்துவிடும். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் நடப்பதும் அதேதான். பட்டனின் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதிவுகள்: மலிவு, ஆனால் பாதிக் கதை

ஐந்தில் செலவே இல்லாதது இதுதான். எதையும் கழற்ற வேண்டாம், சில நிமிட வேலை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்தால் மூன்று எண்கள் முக்கியம். 1074 இருந்தால் ஒரு நிரலோ பயனரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள். எந்த நிரல் என்பதும் அதிலேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட் பல நேரம் இங்கேதான் சிக்கும். 6008 என்பது முந்தைய அணைப்பு எதிர்பாராதது என்று மட்டும் சொல்கிறது.

மூன்றாவது, புகழ்பெற்ற 41. ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரோடு வருவதால் அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது அடுத்த முறை துவங்கும்போது, ‘போன தடவை ஒழுங்காக அணையவில்லை’ என்று விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு, அவ்வளவுதான். காரணத்துக்குக் கொஞ்சமாவது நெருங்க வேண்டுமானால் அதன் விவரப் பகுதிக்குள் போய் ‘பக்செக்கோட்’ மதிப்பைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் நீலத்திரைப் பிழை நடந்திருக்கிறது. எண் பதின்மத்தில் (டெசிமல்) இருக்கும். பதினாறடிமானத்துக்கு (ஹெக்ஸ்) மாற்றித் தேடினால் பிழையின் பெயர் கிடைக்கும். பூஜ்யமாக இருந்தால் மின்சாரம் சட்டென்று போயிருக்கலாம், அல்லது கம்ப்யூட்டர் உறைந்து நின்றிருக்கலாம். கூடவே வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ பதிவுகள் இருந்தால் வன்பொருள் தரப்பு வலுக்கிறது. லினக்ஸ்காரர்கள் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை மூலம் முந்தைய துவக்கத்தின் கடைசி வரிகளைப் பார்க்கலாம். சாதாரண வரி ஒன்றின் பிறகு சட்டென்று நின்றுபோயிருந்தால் அதற்கும் இதே பொருள்தான்.

இந்த வழியின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. மின்சாரம் போன கணத்தில் எதையும் எழுதி வைக்க யாரும் மிச்சமில்லை. நமக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் பதிவு வெறுமையாக இருக்கிறது.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: வெப்பத்துக்குச் சரி, மின்சாரத்துக்கு அரைகுறை

இதற்குத்தான் விசுவாசிகள் அதிகம். பிரைம்95, ஓசிசிடி, ஃபர்மார்க் என்று எதையாவது ஓட்டி அணைகிறதா என்று பார்ப்பது. வெப்பத்தைச் சந்தேகித்தால் அருமையான வழி. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரியான கருவியில் சென்சார் அளவுகளைக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஓட்டினால், அணைந்த பிறகு கடைசி வரியில் வெப்பநிலை என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

எண்களைப் படிப்பதில் நிதானம் வேண்டும். பல இன்டெல் டெஸ்க்டாப் சிபியுக்களின் எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. கனமான வேலையில் அந்த எல்லையைத் தொடுவதே கோளாறு ஆகாது. எல்லையை நெருங்கினால் சிபியு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதையும் மீறிச் சூடேறினால்தான் அணைத்துவிடும். ஆகவே சிபியு சூட்டால் மட்டுமே அணைகிறது என்றால் தூசி காரணமாக இருப்பதைவிட, ஹீட்சிங்க் (சிபியு மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் உலோகத் துண்டு) ஒரு பக்கம் கழன்றிருப்பது, லிக்விட் கூலரின் பம்ப் நின்றுபோவது போன்ற பெரிய கோளாறுக்கே வாய்ப்பு அதிகம். பம்ப் நின்றால் சுமை ஏற்றிய சில நொடிகளிலேயே வெப்பநிலைக் கோடு செங்குத்தாக ஏறும். தூசி அடைத்தால் மெதுவாக ஏறும். அந்தக் கோட்டின் வடிவமே பாதி பதில்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் இதே சோதனை ஏமாற்றும். ஃபர்மார்க் போன்றவை ஒரே சீரான சுமையை ஏற்றுகின்றன. விளையாட்டுகள் அப்படியில்லை, காட்சி மாறும்போது கிராபிக்ஸ் கார்டு மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் வழக்கமான அளவைப் போல இரு மடங்குகூட மின்சாரம் இழுக்கலாம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, உயர்திறன் எஸ்எம்பிஎஸ்கள் தம் திறனைப் போல 200 சதவீதத்தை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்று கேட்டதே இதனால்தான். பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் தாங்கிவிட்டு, விளையாட்டின் லோடிங் திரையில் விழுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ், அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது’ என்ற வாதத்தை நான் ஏற்பதே இல்லை.

தலைகீழாகச் செய்வது எனக்குப் பிடிக்கும். சுமையை ஏற்றுவதற்குப் பதில் இறக்கிப் பாருங்கள். ஆஃப்டர்பர்னர் மாதிரியான மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து, ஃபிரேம் எண்ணிக்கைக்கும் ஒரு உச்சவரம்பு வையுங்கள். அதற்குப் பிறகு அதே விளையாட்டில் அணையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதன் கேபிள், கிராபிக்ஸ் கார்டு என்ற மூன்றுக்குள் சுருங்கிவிடும். ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் கார்டில் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுவதையும் இப்போதே செய்துவிடலாம்.

மல்டிமீட்டர்

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் வழி 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றலாம். உள்ளே இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் மில்லிநொடி நேரம் மட்டும் விழுந்து எழும் மின்னழுத்தம் மல்டிமீட்டரில் தெரியாது. அதற்கு மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். பேப்பர் கிளிப் வைத்து எஸ்எம்பிஎஸ்ஸை இயக்கிப் பார்ப்பது இன்னும் பலவீனம். சுமையே இல்லாமல் விசிறி சுற்றுகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து அளப்பதோ, பேசவே வேண்டாம். உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கழற்றிப் பார்ப்பது

மாற்றுப் பாகம் கையில் இல்லாதவர்களுக்கு இதுவே கதி, மோசமான கதியும் அல்ல. கழற்றும் முன்பே ஒரு எளிய வேலை இருக்கிறது: பயாஸ் திரையில் (விண்டோஸ் துவங்கும் முன்பே மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரையில்) கம்ப்யூட்டரை அப்படியே விட்டு வையுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ், டிரைவர், வைரஸ் எல்லாம் ஒரே அடியில் பட்டியலை விட்டுப் போகும். அங்கே அணையவில்லை என்றால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி வேலை கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு ரேம், சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அது, ஒரு டிஸ்க், இவ்வளவோடு ஓட்டுவது. அணைவது நின்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ரேமுக்கு மட்டும் மெம்டெஸ்ட்86 தனியாக உண்டு. ரேம் கெட்டால் வழக்கமாக நீலத்திரையும் ரீஸ்டார்ட்டும்தான் வரும், நொடியில் இருளாது. கேபினட்டை மாற்றிய பிறகு தொந்தரவு ஆரம்பித்திருந்தால் மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டுங்கள். அடியில் தப்பான இடத்தில் மாட்டிய பித்தளைத் தாங்கி ஒன்று ஷார்ட் செய்துகொண்டிருக்கலாம்.

மாற்றிப் பார்ப்பது: என் தேர்வு, நிபந்தனைகளோடு

வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். முதலில் சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பவர் கேபிள். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் மின்சாரம் லேசாகத் தடுமாறினாலும் கைவிட்டுவிடும். இதெல்லாம் காசில்லாத மாற்றங்கள். அதன்பிறகுதான் எஸ்எம்பிஎஸ். வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த, போதுமான வாட் உள்ள ஒன்றை இரவல் வாங்கினால் போதும், புதிது வாங்கத் தேவையில்லை.

மாட்யுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்புக்குப் பொது விதி கிடையாது. பழைய கேபிள் புதிய பெட்டியில் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்குகளை எரித்துவிடலாம்.

மாற்றிப் பார்ப்பதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: பாகத்தைக் கழற்றி மாட்டும்போதே தளர்ந்திருந்த கனெக்டர் இறுகிவிடும், பழி பாகத்தின் மேல் விழும். உண்மைதான். அதற்கு மருந்து, பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பது. பழையதை மாட்டியதும் மறுபடி அணைந்தால் சந்தேகமே இல்லை. அணையாவிட்டால் கோளாறு கனெக்டரில் இருந்திருக்கலாம், பாகம் தப்பித்தது. சரியாகிவிட்டதே என்ற மகிழ்ச்சியில் யாரும் இதைச் செய்வதில்லை.

பொறுமையும் வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அணையும் கம்ப்யூட்டர், பாகத்தை மாற்றிய பிறகு இரண்டு நாள் ஓடியது என்றால் அதில் எந்தச் செய்தியும் இல்லை. வழக்கமான இடைவெளியைப் போல மூன்று நான்கு மடங்காவது, அதே வேலைகளோடு ஓடட்டும். அதற்குள் வேறு எதையும் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று பிறகு சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ், ரேம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் தனித்தனியாக மாற்றியும் அணைகிறது என்றால் பெரும்பாலும் மிஞ்சுவது மதர்போர்டு, அபூர்வமாக சிபியு. மதர்போர்டில் கெபாசிட்டர் ஏதாவது உப்பியிருக்கிறதா, பவர் கனெக்டர் அருகே கருகிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வாரண்டி இருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்போடு சர்வீசுக்கு அனுப்புங்கள்.