90 நாளில் 3000 ஆங்கிலச் சொல்: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு பக்கம் மதில்களில் '90 நாளில் 3000 சொல், சரளமாக ஆங்கிலம் கதைக்கலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதை நம்பிச் சேர்ந்த என் தங்கச்சியின் 15,000 ரூபாய் போய்விட்டது. அந்த இடத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை. போட்டும் பயனில்லை, அடிக்கடி மாற்றுகிறார்கள்.

கொழும்புக் கம்பனி ஒன்றின் நேர்முகத் தேர்வு போனில் நடக்க இருந்தது. அதற்காகத்தான் விசுவமடுவில் இருந்து பஸ் ஏறி, ஏ9 வீதியோரத்து மாடி அறைக்குப் போனாள். பாதிக் காசைப் பிறகு தரலாமா என்று அப்பா கேட்டார். "பிறகு இடம் கிடைக்காது ஐயா" என்றார்கள். பற்றுச்சீட்டு என்று தந்தது கொப்பியில் கிழித்த ஒரு துண்டு. முத்திரையும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

அவர்கள் தந்த ரியூட்டை, அதாவது பாடத் தாள்களை, பார்க்க வேண்டுமே! 'அபேண்டன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பி2, 'அபவுட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏ1. இது என்ன என்று கேட்டதற்கு, அச்சகக்காரன் போட்ட அடையாளம் என்றாராம் படிப்பிக்கிற சேர். அது ஐரோப்பிய மொழித்தர அளவு. ஏ1 தொடக்கநிலை, சி2 உச்சம். ஒக்ஸ்போர்ட் அகராதித் தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய 3000 சொல் பட்டியலைப் போட்டோக்கொப்பி அடித்து விற்றிருக்கிறார்கள். பட்டியல் அருமையானதுதான். எதை முதலில் படிப்பது என்று தெரியத்தான் அந்த அடையாளமே இருக்கிறது. இவர்களோ அகரவரிசையில் பாடமாக்க விட்டார்கள். 'டி' (D) எழுத்தோடு வகுப்பும் நின்றது. 'வெயிட்' (காத்திரு) போன்ற ஏ1 சொற்கள் கடைசிப் பக்கங்களில் தொடாமலே கிடக்கின்றன.

அன்றாடப் பேச்சு என்று படிப்பித்தது 'இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' வகையறா. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற மழைக்கும் கொழும்பு ஒபிசில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவளுக்கு வேண்டியது 'குட் யூ சே தட் அகெய்ன்?', 'ஜஸ்ட் எ மினிட், ப்ளீஸ்', 'ஐ'ல் கோல் யூ பேக்' மாதிரியானவை. போனில் சொல் சொல்லாகக் கோத்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. வசனம் முழுசாக வாயில் வரவேண்டும். அதற்கு எதிரில் ஒரு ஆளை இருத்திக் கதைக்க விடவேண்டும். அந்த அறையில் சேர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், அவ்வளவுதான்.

என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். தனியார் பயிற்சி நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று அதன் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். இவர்களின் பெயர் அதில் இல்லை.

சேர முதல் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் சும்மா இருந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். காசை மாதம் மாதமாக மட்டும் கட்டுங்கள். சொற்பட்டியலுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பிபிசியும் பிரிட்டிஷ் கவுன்சிலும் அன்றாட ஆங்கிலப் பாடங்களை ஒலியோடு இலவசமாகவே தருகின்றன.

ஏற்கெனவே கட்டியவர்கள் அந்தத் துண்டையும் நோட்டீசையும் எறியாமல் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாங்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். நீங்களும் கொடுங்கள்.