சதவீதக் கணக்கில் ஓவியத்துக்கு விலை சொல்பவரிடம் போகாதீர்கள்

வீட்டில் இருக்கும் பழைய ஓவியத்தை விற்க நினைப்பவர்கள் பலரும் ஏமாறுவது இப்படித்தான். விலை மதிப்பிட்டுத் தருகிறோம் என்பவர்கள் போனில் எடுத்த நாலு படம் கேட்பார்கள். இரண்டே நாளில் முத்திரை குத்திய ஒற்றைத் தாள் வரும். அதில் ஒரே ஒரு தொகை. அதில் பத்து சதவீதம் கட்டணம். தொகை பெரிதாக இருப்பதால் கட்டணம் உறுத்தாது. ஏல நிறுவனத்துக்குப் போனால் பாதிகூடத் தேறாது.

விலை ஏற ஏற மதிப்பிடுபவருக்கு வருமானம் ஏறும். அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான யுஸ்பாப் நெறிமுறை இந்தச் சதவீதக் கட்டணத்தைத் தடைசெய்வதே இதனால்தான். மணிக்கணக்கிலோ ஓவியத்துக்கு இவ்வளவு என்றோதான் பேச வேண்டும். "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவர் இதற்கு நேர்மாறு: விலையைக் குறைப்பார்.

இன்னொரு கண்கட்டு, நோக்கத்தை எழுதாமல் விடுவது. காப்பீட்டுக்கான மதிப்பு என்றால், அதே போன்ற ஒன்றை கேலரியில் புதிதாக வாங்க ஆகும் செலவு. சொத்துப் பிரிவினைக்கும் வரிக்கும் பார்ப்பது சந்தை விலை; பெரும்பாலும் ஏல விலைகளை வைத்து. அவசரமாக விற்றால் அதற்கும் கீழே. காப்பீட்டு மதிப்பைக் காட்டி விற்பனைக்கு ஆசை காட்டினால், தாளில் பொய் இருக்காது. உங்களுக்கு நஷ்டம் மட்டும் இருக்கும்.

முறையாகச் செய்பவர் முடிந்தால் ஃப்ரேமைக் கழற்றி அளவெடுப்பார். பின்பக்கத்து லேபிள், முத்திரை, ஆணித் துளை எல்லாம் பார்ப்பார். புற ஊதா விளக்கில், வார்னிஷுக்கு மேல் பின்னாளில் பூசிய இடங்கள் கருமையாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது அச்சுப் பிரதி. பிறகு அதே ஓவியரின், அதே ஊடகத்தில் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போல), ஏறத்தாழ அதே அளவில், அதே காலகட்டப் படைப்புகளின் ஏல முடிவுகளை எடுப்பார். விலை போகாமல் திரும்பியவையும் அதில் இருக்க வேண்டும். இணையத்தில் கேலரிகள் போட்டிருப்பது கேட்கும் விலை. விற்ற விலை இல்லை. ஏல விலையிலும், வாங்குபவர் கொடுத்த கமிஷன் சேர்ந்ததா, சேராததா என்று பாருங்கள். உங்கள் கைக்கு வருவது சேராததிலிருந்து விற்பவர் கமிஷனும் கழிந்த பிறகுதான்.

மதிப்பீட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தில் "அசல் எனக் கொண்டு" என்று இருந்தால், அசலா என்று அவர் பார்க்கவே இல்லை. ஜெர்மானியப் போலி ஓவியர் பெல்ட்ராக்கி வரைந்து, ஓவியர் கம்பென்டோங்க் 1914-இல் வரைந்ததாகச் சொல்லப்பட்ட படம் 2006-இல் 28.8 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வராத டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி அதில் இருந்தது, பிற்பாடு ஆய்வகத்தில்தான் தெரிந்தது.

பணம் கட்டுமுன் மாதிரி அறிக்கை ஒன்று கேளுங்கள். ஒப்பிட்ட விற்பனைகள், மதிப்பிட்ட தேதி, நோக்கம் மூன்றும் அதில் இல்லையென்றால் படத்தை அனுப்ப வேண்டாம்.