மூன்றாம் நாள் புள்ளி மறைந்தால் நம்பாதீர்கள்

கொழும்பில் ஒரு வண்ணமீன் கடையில் வாங்கிய எட்டு நியோன் டெட்ராவில் ஆறு மீன்கள் பதினொரு நாளுக்குள் செத்தன. பையில் போடும்போதே ஒன்றின் வால் செட்டையில் இரண்டு வெள்ளைப் புள்ளி. கேட்டதற்கு, “அது ஒண்ணுமில்ல, இந்த மருந்த மூணு நாள் விடுங்க, போயிரும்” என்று லேபல் இல்லாத நீலத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். சொன்னபடி மூன்றாம் நாள் புள்ளி போனது. ஆறாம் நாள், பழைய மீன்கள் உட்பட எல்லாவற்றிலும் ரவை தூவினதுபோல் திரும்பி வந்தது. போய்க் கேட்டால், “உங்கட தண்ணி சரியில்ல.”

ஏமாற்று அந்த மூன்று நாளில்தான். வெள்ளைப்புள்ளி நோயைத் தருவது ஒரு ஒற்றைக்கல ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் தின்று பெருத்ததும், மருந்து விட்டாலும் விடாவிட்டாலும், தானே கழன்று விழும். பிறகு அடிமணலில் கூடு கட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். 27, 28 பாகை செல்சியஸில் இருக்கும் கொழும்புத் தண்ணீரில் இதெல்லாம் சில நாளில் முடிந்துவிடும். தோலுக்குள்ளும் கூட்டுக்குள்ளும் இருப்பதை மருந்து தொடாது. கூட்டைவிட்டு வெளியே வந்து நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சுதான் சாகும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் மருந்து தொடர வேண்டும். டெட்ராசைக்ளின் கரைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அது பக்டீரியாவுக்கு.

இந்த நோயின் புள்ளி உப்புக்கல் அளவு, தனித்தனியாக இருக்கும். மீன் கல்லில் உரசும், செட்டையை ஒடுக்கும். டோர்ச் அடித்தால் பொன்தூள்போல் மின்னினால் அது வெல்வெட் என்ற வேறு நோய். ஆண் கோல்ட்பிஷ்ஷின் செவுள் மூடியிலும் பக்கச் செட்டையின் முன் விளிம்பிலும் வரும் வெள்ளை முத்துகள் இனப்பெருக்க அடையாளம். அதற்கும் மருந்து விற்கிறார்கள்!

சில மணிக்கு ஒரு பாகை வீதம் 30 வரை சூடேற்றுங்கள். சூட்டில் ஒட்சிசன் குறையும், எயர் பம்ப் ஓடவேண்டும். இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் ஹீற்றர் கட்டாயம். பில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே குடித்துவிடும். கப்பி, மொலிக்குக் கல்லுப்பே போதும்: லீற்றருக்கு 2 கிராம். இரண்டடித் தொட்டி (24×12×12 அங்குலம்) ஏறக்குறைய 50 லீற்றர் கொள்ளும், அதற்கு 100 கிராம், கரைத்து ஒன்றரை நாளில் நாலு தடவையாக. தினமும் அடிமணலை உறிஞ்சிக் கால்வாசித் தண்ணீர் மாற்றும்போது, எடுத்த 12.5 லீற்றருக்கு மட்டும் 25 கிராம் சேருங்கள். முழு அளவையும் திரும்பக் கொட்டித்தான் பலர் மீனைக் கொல்கிறார்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்காமல் விடாதீர்கள். டெட்ரா, கொரிடோரஸ், லோச் வகை மீன்கள் உப்பை அவ்வளவாகத் தாங்காது. அவற்றுக்கு லேபல் உள்ள மலகைட் கிரீன் மருந்து, அதிலும் லேபலில் சொன்னதில் அரை அளவு. கையுறை போடுங்கள்.

புதுமீனைத் தனித்தொட்டியில் மூன்று வாரம் வையுங்கள். வாங்கமுன் கடையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீரா சுற்றுகிறது என்று பாருங்கள். அப்படியானால், ஒரு தொட்டியில் புள்ளி கண்டாலே பக்கத்துத் தொட்டி மீனும் வேண்டாம்.