அப்பாவின் ஸ்டுடியோ பெயரில் இன்று ரம்மி விளம்பரம்: முதல் இணையதளம் தொடங்குவோர் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

போன டிசம்பரில் ஒரு நாள் இரவு சென்னையிலிருந்து அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை, தாத்தா ஸ்டுடியோ இணையதளத்தைத் திறந்தால் ரம்மி ஆட வரச் சொல்கிறதே, என்ன ஆயிற்று?" என்றாள். நான் திறந்து பார்த்தேன். கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர்ப் பலகையாகத் தொங்கிய பெயர் முகவரியில் இருந்தது. கீழே சீட்டுக்கட்டும், பண ஆசை காட்டும் பொத்தான்களும் இருந்தன. அன்று இரவு நான் தூங்கவில்லை.

தளத்தை வடிவமைத்துத் தருவதாகச் சொன்னவர் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது அங்கே நடக்கட்டும். ஆனால் அவர் என்னிடம் செய்ததை ஊருக்கு ஊர் பலர் செய்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். அதனால் நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன்.

அப்பா 2019இல் காலமானார். ஸ்டுடியோவை அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டோம். பரணில் ஏழு தகரப் பெட்டிகள் நிறைய நெகட்டிவ்கள் இருந்தன. 1980 மகாமகம், 1992 மகாமகம், சாரங்கபாணி கோவில் தேர், பெரிய கடைத் தெருவின் பழைய பாத்திரக் கடைகள், எத்தனையோ குடும்பங்களின் கல்யாணங்கள். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஸ்கேனர் வாங்கி, ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். 412 படங்கள் தேறின. இவற்றை ஊர் மக்கள் பார்க்க வேண்டும், தங்கள் பாட்டியை, தாத்தாவை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்குத்தான் இணையதளம்.

2022 ஆகஸ்டில் அவரிடம் 14,500 ரூபாய் கொடுத்தேன். தளத்தின் முகவரிப் பெயரை டொமைன் என்பார்கள், தளத்தை வைத்திருக்கக் கணினியில் வாடகைக்கு இடம் எடுப்பதை ஹோஸ்டிங் என்பார்கள். "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் அக்கா, நீங்கள் படத்தை மட்டும் ஏற்றுங்கள். டொமைன் ஆயுள் முழுவதும் இலவசம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். டாட் காம் பெயர் எதையும் ஒரே தடவையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் யாராலும் பதிவு செய்ய முடியாது. ஆயுளுக்கு விற்க அவரிடம் எதுவும் இல்லை. பெயர் என்பது வாங்குவது அல்ல, ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருப்பது. இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

முதல் ஆண்டு நன்றாகவே போனது. தளத்தை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். தினமும் மாலையில் உட்கார்ந்து, படத்துக்குப் படம் குறிப்பு எழுதினேன். இதில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு. தெரியாததை எல்லாம் என்னுடைய எண்பத்தாறு வயது அத்தையிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதினேன். நேரே தளத்திலேயே தட்டச்சு செய்தேன், கணினியில் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளவில்லை. இது என்னுடைய பெரிய பிழை.

2023இல் பணம் கேட்கத் தொடங்கினார். சர்வருக்கு, அதாவது தளம் இருக்கும் கணினிக்கு, 6,800 ரூபாய். முகவரிக்கு முன்னால் பூட்டுக்குறி வருவதற்கு, அதாவது எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்கு, 2,500 ரூபாய். "கூகுளில் பதிவு செய்ய" 3,000 ரூபாய். மூன்றையும் யுபிஐ வழியாக அனுப்பினேன். பில் கேட்டபோது "பிறகு தருகிறேன் அக்கா" என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை.

பின்னால் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2015 முதல் அந்தச் சான்றிதழை உலகம் முழுவதும் இலவசமாகவே கொடுக்கிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் அது தானாகவே பொருத்தப்பட்டு, தானாகவே புதுப்பிக்கப்படும். கூகுள் தேடலில் ஒரு தளம் வருவதற்குக் கட்டணமே கிடையாது. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற பகுதியில் நம் தளத்தை நாமே இலவசமாகச் சேர்க்கலாம். விளம்பரம் கொடுத்தால்தான் பணம். ஆக, அந்த ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஒன்றுமில்லாததற்குக் கொடுத்தது.

2024 ஜூலையில் 11,000 ரூபாய் கேட்டார். அப்போதுதான் வேறு நிறுவனங்களின் விலையை விசாரித்தேன். டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின்தான். முதல் ஆண்டு சலுகை விலை போட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் கூட்டுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் பதினோராயிரம் எங்கும் இல்லை. "தம்பி, நான் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், பெயரை என் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். மாற்றுவதற்கு 15,000 ரூபாய் ஆகும் என்று பதில் வந்தது. நான் மறுத்தேன். அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகஸ்டில் தளம் மறைந்துவிட்டது.

டொமைன் பெயர்களை விற்றுப் பதிவு செய்து வைப்பவை பதிவு நிறுவனங்கள். நம் டொமைன் எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எளிது. ஐகேன் என்ற சர்வதேச அமைப்பு 1998 முதல் இந்தப் பெயர்களின் ஒழுங்கை நிர்வகிக்கிறது. அதன் தேடல் பக்கத்தில் முகவரியைத் தட்டினால் பதிவு நிறுவனம், பதிவான நாள், காலாவதி நாள் எல்லாம் வரும். அந்தப் பதிவு நிறுவனத்துக்கு எழுதினேன். நாகரிகமாகவே பதில் தந்தார்கள்: பதிவுதாரராக இருப்பது உங்கள் பெயரும் அல்ல, உங்கள் மின்னஞ்சலும் அல்ல, நாங்கள் உங்களிடம் எதையும் கொடுக்க முடியாது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தபால் நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவள் நான். சேமிப்புக் கணக்குப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பணம் கொடுப்போம். கட்டியது யார் பணம் என்று கேட்க மாட்டோம். டொமைனும் அப்படியே. பணம் நான் கொடுத்தேன், பெயர் என் அப்பாவுடையது, படங்கள் என்னுடையவை. ஆனால் பதிவேட்டில் இருந்தவர் அவர். விதிப்படி பதிவுதாரர் கேட்டால், வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை ஐந்து நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும். அதை ஆத் கோட் என்பார்கள். இவ்வளவு நல்ல விதி இருந்தும் எனக்கு உதவவில்லை, ஏனென்றால் நான் பதிவுதாரரே இல்லை. காலாவதி ஆவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான பின் ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அந்த மூன்று கடிதமும் அவர் மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கும்.

காலாவதியான பெயர் உடனே பறிபோவதில்லை. நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். நீக்கிய பிறகும் முப்பது நாள் மீட்புக் காலம் உண்டு, அதில் அபராதம் கூடும். அதற்கும் பிறகு ஐந்து நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த நாட்கள் முழுவதும் எத்தனை ஆயிரமானாலும் கட்டிவிடுகிறேன் என்று அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. இப்படி விடுபடும் பழைய பெயர்களுக்காகவே கணினி வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு மக்கள் வந்து போன முகவரி என்றால் சூதாட்டக்காரர்களுக்கு அதில் லாபம். அப்பாவின் பெயர் அவர்கள் கைக்குப் போனது அப்படித்தான்.

டொமைன் பெயர் யாருக்கு என்ற சண்டையைத் தீர்க்கச் சர்வதேசத் தகராறு முறை ஒன்றும் இருக்கிறது. அதில் வழக்குப் போட வணிகச் சின்ன உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், ஒரு நடுவர் விசாரிப்பதற்கே 1,500 டாலர் கட்டணம். அப்பா தன் கடைப் பெயரை எங்கும் பதிவு செய்து வைத்தவர் இல்லை. அந்த வழியை விட்டுவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். வடிவமைப்பாளரைத் தேடும் முன்பே, ஒரு பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் கணக்குத் திறந்து டொமைனை நீங்களே எடுங்கள். பத்து நிமிட வேலை, டிக்கெட் பதிவு செய்யத் தெரிந்தால் போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கிவையுங்கள். வடிவமைப்பவருக்குத் தளத்தின் திறவுகோலைக் கொடுக்கலாம், பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்கக் கூடாது. "அதெல்லாம் உங்களுக்குச் சிரமம் அக்கா" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நல்ல வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களே முதல் நாள் "பெயரை உங்கள் கணக்கில் எடுங்கள்" என்று சொல்வார்கள், இப்போது எனக்கு உதவும் பெண் அப்படித்தான் சொன்னாள்.

வேர்ட்பிரஸ் என்றால் நிர்வாகி கணக்கு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கொடுத்திருந்தது எடிட்டர் கணக்கு, அதாவது எழுதவும் திருத்தவும் மட்டுமான கணக்கு. எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் ஏற்றுமதி வசதி நிர்வாகிக்குத்தான் தெரியும். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியாமல் போனது. அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபோது அவர்கள் முதலில் கேட்டது பில்தான். யுபிஐ சான்றுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுத்து இணைத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது அதே பெயரை டாட் இன் முகவரியாக என் கணக்கில் எடுத்திருக்கிறேன். படங்கள் என் கணினி வட்டில் இருந்ததால் தப்பின. எழுத்துதான் போய்விட்டது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு நடத்தும் வேபேக் மெஷினில் பழைய தளத்தின் 74 பக்கங்கள் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1980 மகாமகக் குளக்கரையில் ஈரப் புடவையோடு ஏழு பெண்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. ஏழு பேரின் பெயரையும் அத்தைதான் சொன்னாள், ஒருத்தி யார் வீட்டு மருமகள், ஒருத்தி எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்பது வரை. அந்தப் பக்கம் வேபேக் மெஷினில் இல்லை. எனக்கு நினைவிருப்பவை மூன்று பெயர்கள். அத்தை இந்த ஆண்டு தை மாதம் போய்விட்டாள்.