சமூக ஊடக எழுத்து – மொழி ஆசிரியர்களுக்கான ஒரு பாடத்தொகுப்பு: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்துகிறேன். "வாட்ஸ்அப்பில் எழுதி எழுதியே பிள்ளைகளின் மொழி கெட்டுப்போச்சு" என்ற புலம்பல் ஆசிரியர் அறையில் ஓய்வதே இல்லை. பிள்ளைகள் அதிகமாக எழுதுகிற இடமே அதுதான். அதை வகுப்புக்குள் கொண்டுவந்து சொல்லித்தராமல் திட்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால்தான் இந்த இணையவழிப் பாடத்தொகுப்பை வாங்கினேன். ஆறு அலகுகள், ஒவ்வொன்றிலும் ஆசிரியருக்கு ஒரு காணொளி, மாணவர்களுக்குப் பயிற்சித்தாள்கள். ஒரு பருவம் முழுக்க நடத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பிடித்த விஷயம், எந்தப் பயிற்சிக்கும் யாரும் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. பெரும்பாலான தளங்களில் சேர 13 வயது நிறைந்திருக்க வேண்டும். என் வகுப்பில் அந்த வயதை எட்டாதவர்களும் உண்டு. இங்கே எல்லாமே தாளில்தான். பதிவை ஒரு பெரிய தாளின் நடுவில் ஒட்டிவிட்டு, சுற்றிலும் மாணவர்கள் பின்னூட்டம் எழுதுகிறார்கள். எழுதியவர் பக்கத்திலேயே நிற்பதால், புண்படுத்தும் சொல்லை எழுதப்போன கை தானாகத் தயங்குகிறது.

தொகுப்பின் உயிர் இரண்டாம் அலகு. ஒரே செய்தியை மூன்று பேருக்கு எழுத வேண்டும்: நண்பர்கள் குழுவுக்கு, பெற்றோர் குழுவுக்கு, யார் வேண்டுமானாலும் பார்க்கும் பொதுப்பக்கத்துக்கு. அறிவியல் கண்காட்சி தள்ளிப்போனது என்பதைச் செய்தியாகக் கொடுத்தேன். ஒரு மாணவி நண்பர்களுக்கு, "ஏய், கண்காட்சி இப்போ இல்லையாம்" என்று எழுதினாள். பெற்றோருக்கும் அதேதான், "ஏய்" மட்டும் போயிருந்தது. பயிற்சித்தாளில் அடுத்த கேள்வி: "இதைப் படிப்பவர் உடனே என்ன கேட்பார்?" கொஞ்ச நேரம் யோசித்தாள். புதிய தேதி, ஏற்கெனவே கொடுத்த மாதிரிப் பொருள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமா, யாரிடம் விசாரிப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பொதுப்பக்கத்துக்கு எழுதும்போது தோழிகளின் பெயர்களை அவளே எடுத்துவிட்டாள். கடிதப் பாடத்தில் "பெறுநரை மனதில் வைத்து எழுதுங்கள்" என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அதை ஒரு பிள்ளை தன் வரைவில் தானே செய்து பார்த்தது இங்கேதான்.

மூன்றாம் அலகு தொனியைப் பற்றியது. "சரி" என்றும், முற்றுப்புள்ளியோடு "சரி." என்றும் இரண்டு பதில்கள். புள்ளி வைத்தவர் கோபமாக இருக்கிறார் என்றது பாதி வகுப்பு. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்விலும், புள்ளியோடு முடிந்த ஒற்றைச் சொல் குறுஞ்செய்திகளில் உண்மையான ஈடுபாடு குறைவு என்றே மாணவர்கள் கருதியிருக்கிறார்கள். அப்போது ஒரு பையன், "எங்க பாட்டி எப்பவுமே புள்ளி வைப்பாங்க, மிஸ்" என்றான். எழுதியவர் யார் என்று தெரியாமல் தொனியை முடிவுசெய்ய முடியுமா என்று வாதம் சூடுபிடித்தது. நான் குறுக்கே போகவே இல்லை.

ஐந்தாம் அலகு, வந்த செய்தியைச் சரிபார்ப்பது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் கண்டதை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்: தேர்ந்த தகவல் சரிபார்ப்பாளர்கள் சந்தேகமான பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருப்பதில்லை, சீக்கிரமே வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். "கூர்ந்து படி" என்றே பழக்கிய நமக்கு இது புதிய பாடம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும், பலமுறை பகிரப்பட்ட செய்தியை 2020 முதல் ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. அந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதையும் வகுப்பில் பேச வைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நான்காம் அலகு சுருக்கி எழுதுதல். 2017இல் ட்விட்டர் ஒரு பதிவுக்கு 140இலிருந்து உயர்த்திய 280 எழுத்துக்குறிகள் என்ற வரம்பை அப்படியே எடுத்திருக்கிறார்கள். தமிழை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. நமக்கு "வணக்கம்" ஐந்து எழுத்து. கணினி புள்ளிகளையும் தனியாக எண்ணி ஏழு என்கிறது. கால், கொம்பு எல்லாம் இப்படித்தான் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்கும் இடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. நான் வரம்பை நான்கு வாக்கியம் என்று மாற்றிக்கொண்டேன். நிறுவனத்துக்கும் எழுதினேன், திருத்திக்கொள்ளக்கூடிய கோப்பை அனுப்பிவைத்தார்கள், நன்றி.

மதிப்பீட்டு முறைதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வகுப்பில் யார் பதிவுக்கு அதிக விருப்பக்குறி விழுகிறதோ அவருக்குக் கூடுதல் மதிப்பெண்ணாம். தெளிவாக எழுதுகிற, அதிகம் பேசாத பிள்ளை இதில் அடிபடும். நண்பர் கூட்டம் உள்ளவர் ஜெயிப்பார். எதை விட்டு வெளியே வரப் பிள்ளைகளைப் பழக்குகிறோமோ, அதையே மதிப்பெண் அட்டையில் ஏற்றக் கூடாது. அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் கொடுக்கவே இல்லை. ஆறாம் அலகில் ஹேஷ்டேக் பற்றிச் சொல்வதெல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது, விட்டுவிடலாம்.

அலகுகளைத் தனித்தனியாக விற்பதில்லை. வாங்குவதானால் பள்ளியின் மொழித்துறை சேர்ந்து ஒரே உரிமம் எடுப்பது நல்லது. இரண்டாம் அலகுக்கு இரண்டு பாடவேளை என்று போட்டிருக்கிறார்கள். வரைவைத் திருத்த வைக்க நினைப்பவர்கள் நான்கு பாடவேளையாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.